இரண்டாவது சுங்கான்

ஒன்று உள்ளவனுக்கு இன்னொன்று எதற்கு என்னும் கேள்வி, உலகத்துச் சமயங்கள் யாவும் தத்தம் பாஷையிலே கேட்டு, தத்தம் வழியிலே விடை சொல்லிவைத்திருக்கும் பழைய கேள்வியேயாயினும், சென்ற பங்குனி மாதத்து மாலைப்பொழுதொன்றில், வன்னியில், ஸ்கந்தபுரத்திலுள்ள எங்கள் வீட்டு விறாந்தையிலே என் மனைவியின் வாயிலிருந்து அது பிறந்தபோது, உடனே மறுமொழி சொல்ல இயலாதவனாய் நான் இருந்துவிட்டேன். "இஞ்சருங்கோ, உள்ளது ஒண்டு காணாதோ?" என்றாள் அவள். புகைபிடிக்கும் சுங்கான் இரண்டாவதாக ஒன்று வேண்டுமென்று, பாரிஸ் நகரத்தில் வசிக்கும் என் சகோதரியின் மகனுக்குத் தொலைபேசியில் நான் சொல்லிக்கொண்டிருந்ததை அவள் கேட்டுக்கொண்டே நெல்லுப் பாயை மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டதில் கோபம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டாள். அதனாலேதான் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

சுங்கான் என்ற சொல்லே இப்போது அருகிவிட்டது. நறுக்கிய புகையிலையைக் கிண்ணம்போன்ற அதன் தலையிலிட்டு நெருப்பு மூட்டிக் காம்பின் வழியே புகையை இழுக்கும் அந்தச் சிறு கருவியை இவ்வூரில் என்னையன்றி வேறெவரும் வைத்திருப்பதாக நான் அறியேன். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் புகைத்தலென்றால் சுருட்டுத்தான். போர்த்துக்கேயர் காலத்தில் இத்தீவுக்கு வந்த புகையிலை, ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்து மண்ணின் பெருந்திரவியமாகி, பாய்க்கப்பலேறித் திருவிதாங்கூருக்குப் போய், அங்கிருந்து வந்த பணத்தால் கல்வீடுகளும் கோயில் மண்டபங்களும் எழும்பின என்பது நம் சரித்திரம். அந்த இலை உடம்புக்குக் கேடு என்பதும் அதே அளவுக்கு உண்மை. வாய்ப் புற்றுநோயால் வருந்தி மடிந்தவர்களை நான் அருகிருந்து கண்டவன். இக்கட்டுரையைப் படித்து ஒருவரேனும் புகைக்கத் தொடங்குவது எனக்குச் சம்மதமன்று. பேரப்பிள்ளைகள் உறங்கிய பின்பு, நாளொன்றுக்கு ஒருமுறை, வெளியே இருந்து புகைப்பதென்று எனக்கு நானே ஒரு வரம்பு கட்டியிருக்கிறேன். குற்றம் குற்றமே, ஆயினும் மனிதன் தன் குற்றங்களின் நடுவிலும் தர்மவிசாரம் செய்யவேண்டியவனாகத்தான் இருக்கிறான்.

என்னிடம் உள்ள சுங்கான் என் தந்தையாருடையது. மலைநாட்டிலே தேயிலைத் தோட்டமொன்றில் அவர் கிளாக்கராக இருந்தார். 1975-ஆம் ஆண்டில் வெளிநாட்டுக் கம்பெனிகளின் தோட்டங்களை அரசாங்கம் சுவீகரித்துக்கொண்டபோது, தன் தேசத்துக்குத் திரும்பிய துரை ஒருவர், மேசைமேல் வரிசையாக அடுக்கியிருந்த தம் சுங்கான்களில் ஒன்றை எடுத்து, ஒரு வார்த்தையும் பேசாமல் என் தந்தையாரின் கையில் வைத்துவிட்டுப் போனாராம். தமிழருக்கு எதிரான 1977-ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு வன்னிக்கு வந்து, அக்கராயன் பக்கத்திலே காடு வெட்டிக் காணி திருத்தி, வாழ்க்கையை முதலெழுத்திலிருந்து மறுபடி எழுதத் தொடங்கிய அவர், வயலிலிருந்து ஏறியதும் வரம்பிலே குந்தியிருந்து அதைப் புகைப்பார். அவருக்குப்பின் அது எனக்கு வந்தது. காம்பு கிண்ணத்தோடு சேரும் கழுத்தில் விழுந்த வெடிப்புக்குக் கிளிநொச்சியில் ஒரு பத்தர் பித்தளை வளையமொன்று அடித்துப் போட்டுத் தந்தார். கடிவாயில் ஏற்பட்ட துளையை நானே பசை வைத்து அடைத்தேன். கிண்ணத்தின் ஒரு பக்கம், தந்தையாரின் பெருவிரல் பல மழைகாலங்கள் அழுத்தியதில் தேய்ந்து, பளிங்குபோல் மழமழவென்றிருக்கும். என் பெருவிரலும் தானாகவே அங்கேதான் போய் அமர்கிறது.

இத்தகைய ஒன்று இருக்க இன்னொன்று வேண்டுமென்று நான் நினைத்தது எதனால்? மரத்தாற் செய்த சுங்கானுக்கு ஓய்வு வேண்டும் என்பதே அதன் முதற் காரணம். இலை எரியும்போது எழுகின்ற ஈரத்தைக் கிண்ணத்தின் மரம் குடித்துக்கொள்கிறது. குடித்ததைக் காற்றிலே விட்டு உலர்வதற்கு ஒரு நாளுக்கு மேல் அதற்குத் தேவை. உலரவிடாமல் மறுபடி மறுபடி நெருப்பு வைப்போமாயின், புகை புளித்துக் கசப்பதோடு, மரமும் மெல்ல மெல்ல உட்புறம் நைந்துபோகும். கிண்ணத்தின் உட்சுவரிலே படிகின்ற கரி, மரத்தைச் சூட்டிலிருந்து காக்கும் கவசமேயாயினும், அது ஒரு நாணயக்குற்றியின் தடிப்புக்குமேல் வளர்ந்தால், சூட்டில் மரத்தைக் காட்டிலும் அதிகமாக விரிந்து அதைப் பிளந்துவிடும். தந்தையாரின் சுங்கான் ஐம்பது வருஷ உழைப்பாளி. மாரியில் இடைவிடாது உழுத எருதைப் பொழுதுபடும் வேளையில் அவிழ்த்துவிடாதவனை எங்கள் ஊரார் கமக்காரன் என்று மதிப்பதில்லை. பெரும்போகம் விளைந்த நிலத்தைச் சிறுபோகத்துக்குத் தண்ணீர் போதாதபோது சும்மா கிடக்கவிடுவதும் நமக்குப் பழக்கமே. சிவாலயங்களிலே அர்த்தசாமம் முடிந்ததும் சுவாமியைப் பள்ளியறைக்கு எழுந்தருளச்செய்து நடை சாத்துகிறோம். உலகத்தை நடத்துகின்றவனுக்கே ஓய்வு கற்பித்து மகிழ்ந்த சமயத்திலே பிறந்தவன், ஒரு மரத்துண்டுக்கு அதை மறுக்க வேண்டுமென்பதில்லை.

இரண்டாவது காரணம் இதனினும் நுட்பமானது. மருமகன் எப்போதாவது அனுப்பும் மேல்நாட்டுப் புகையிலை தேனும் பழமும் மணப்பது; நான் வழக்கமாக நறுக்கிப் புகைப்பது யாழ்ப்பாணத்துக் காரமான சுருட்டிலை. ஒன்றைப் புகைத்த சுங்கானில் மற்றதைப் புகைத்தால், முந்தியதன் வாடை மரத்திலிருந்து கிளம்பி வந்து பிந்தியதைக் கெடுக்கும். நம் வேதாந்திகள் வாசனை என்று ஒரு சொல்லை ஆண்டிருக்கிறார்களே, அதன் பொருளை நான் நூல்களிலே படித்தறிந்ததைவிட இந்தக் கிண்ணத்தை மூக்கருகே வைத்தபோது தெளிவாக அறிந்தேன். பெருங்காயம் எடுத்த பின்பும் பாண்டத்திலே நிற்கும் வாடைபோல, செய்த வினை முடிந்த பின்பும் சித்தத்திலே ஒட்டிக்கொண்டிருக்கும் சம்ஸ்காரமே அது. சைவசித்தாந்திகளோ, உயிர் தான் சார்ந்ததன் வண்ணமாய் நிற்பது என்கிறார்கள்: பளிங்கின் அருகில் செம்பருத்தியை வைத்தால் பளிங்கு சிவக்கும், எடுத்துவிட்டால் சிவப்புப் போய்விடும். பளிங்குக்கு இது பொருந்தும். மரத்துக்குப் பொருந்தாது, மரம் நிறத்தை உள்ளே வாங்கிவிடுகிறது. மனித மனம் பளிங்கினத்தைச் சேர்ந்ததோ மரத்தினத்தைச் சேர்ந்ததோ என்பது எனக்கு இந்த வயதிலும் தீராத ஐயம்.

காரணங்கள் இரண்டும் சரிதான். ஆனால் ஆசைக்குக் காரணம் கற்பித்துக்கொடுப்பதில் புத்தி எவ்வளவு கெட்டிக்காரத்தனமுள்ள வேலைக்காரன் என்பதை அறியாதார் யார்? ஆகவே பெரியோர் என்ன சொன்னார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். முதலில் என் முன்னே வந்து நின்றவர் பத்திரகிரியார். அரசைத் துறந்து, பட்டினத்தாரின் பின்னே வந்து, திருவிடைமருதூர்க் கோயிலின் மேலைக் கோபுரவாயிலிலே இருந்தவர் அவர், கீழைவாயிலிலே பட்டினத்தார். பிச்சை கேட்டு வந்த ஒருவனைப் பார்த்து, நான் ஒன்றுமில்லாதவன், மேலைவாயிலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் போ என்று குரு சொல்லியனுப்பினார். பிச்சை ஏற்கும் ஓடு ஒன்றும் பின்தொடர்ந்து வந்த நாய் ஒன்றுமே அந்தச் சம்சாரியின் ஆஸ்தி. சொல் காதில் விழுந்ததும் பத்திரகிரியார் ஓட்டைத் தூக்கி எறிந்தார்; அது நாயின் தலையிற்பட்டு, ஓடும் உடைந்தது, நாயும் இறந்தது. சிறுவயதில் இக்கதையைக் கேட்டபோது நாய்க்காக அழுதேன். இப்போது நினைக்கும்போதும் நாயின் பக்கமே என் மனம் நிற்கிறது என்பதை ஒளிக்க விரும்பவில்லை. ஆயினும் கதையில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு: அவரிடம் இருந்தது ஒரே ஓடு. இரண்டாவது என்ற பேச்சே அங்கில்லை. ஒன்றே ஒன்று வைத்திருந்தவனைத்தான் குரு சம்சாரி என்றார்.

புத்த சங்கத்தின் விநயநூல் இவ்விஷயத்தில் கதையோடு நில்லாமல் சட்டமே வகுத்திருக்கிறது. பிக்குவுக்குப் பாத்திரம் ஒன்று. அதில் ஐந்து ஒட்டுகள் விழுமுன்பு அவன் புதியதொன்றைத் தேடிப் பெறுவது குற்றம். பெற்றானாயின் அதைச் சங்கத்தின் முன் வைத்துவிட வேண்டும். அங்கே மூத்த பிக்கு தொடங்கி வரிசையாக ஒவ்வொருவரும் தம் பாத்திரத்தைவிட நல்லதை எடுத்துக்கொண்டு பழையதைக் கைமாற்ற, ஈற்றிலே மிஞ்சும் பாத்திரம் குற்றவாளியின் கைக்கு வரும். அது உடையும்வரை அவனுக்கு அதுவேதான். ஐந்து ஒட்டு! என் சுங்கானில் இருப்பது இரண்டு. அந்தச் சபையிலே நான் நின்றிருந்தால் என் வழக்கு முதல் நாளிலேயே தோற்றிருக்கும். ஆனால் நான் பிக்கு அல்லன். திருவள்ளுவரும் துறவையும் அவாவறுத்தலையும் துறவறவியலிலே வைத்தாரன்றி இல்லறவியலிலே வைக்கவில்லை. சமணரோ இல்லறத்தானுக்கென்றே பரிக்கிரக பரிமாணம் என்று ஒரு விரதத்தை அமைத்து, உடைமைக்கு எல்லை வேண்டும், அந்த எல்லையை நீயே நிர்ணயம் செய்துகொள் என்று அவனிடமே விட்டார்கள். நான் அறிந்த ஏற்பாடுகளில் இதுவே மிகவும் கடினமானது. பிறர் இட்ட எல்லையில் குறை காணலாம்; தானே இட்ட எல்லையில் எப்படிக் குறை காண்பது?

நான் இட்ட எல்லை ஐயாயிரம் ரூபாய். ஆசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவனின் ஓய்வூதியத்தில், 2022-ஆம் ஆண்டின் விலைவாசி உயர்வுக்குப் பின், அதுவே அதிகம். அந்தப் பணத்துக்கு நல்லதாய் ஒன்றைத் தெரிந்தெடுப்பதும் ஒருவகை வித்தைதான். மண்ணாற் செய்தவை மலிவு. ஆனால் சுடும், எளிதில் உடையும். ஜெர்மானிய சங்கீத மேதை பாக், தம் மனைவி அன்னா மக்தலேனாவுக்காக 1725-ஆம் ஆண்டில் தொடங்கிய இசைச்சுவடியில், புகைப்பவனின் பக்திச் சிந்தனைகளாய் அமைந்த ஒரு பாட்டு உண்டு. சுங்கானும் மண், நானும் மண், இருவரும் ஒருநாள் உடைந்துபோவோம் என்ற கருத்தை அது சொல்கிறது. தேகத்தை மட்பாண்டமாகக் கண்ட நம் சித்தர்களுக்கும் அந்தக் கிறிஸ்தவ பக்தருக்கும் நடுவே கிடப்பது கடலேயன்றிக் கருத்தில் பேதமில்லை. சோளப்பொத்தியின் சக்கையைக் குடைந்து செய்யும் சுங்கானை 1869-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் மிசௌரி மாகாணத்திலே தொழிலாகச் செய்து விற்கிறார்கள். ஏழைக்கு இதைவிட நல்லதில்லை, ஆனால் சில காலத்தில் எரிந்து ஓட்டையாகும். துருக்கியின் எஸ்கிஷெஹிர்ப் பகுதியில் தோண்டியெடுக்கும் வெண்ணிறக் கனிமத்தாற் செய்தவை அழகானவை. அவை நமக்கு எட்டா. எங்கள் ஊர்த் தச்சாசாரியார் முதிரையிலே கடைந்து தருகிறேன் என்றார். முதிரை கதவுக்கும் கட்டிலுக்கும் பேர்பெற்ற மரம். நெருப்பை வயிற்றிலே கட்டிக்கொண்டு வாழும் வேலை அதற்குரியதன்று என்று சொல்லி அவரை வணங்கித் தடுத்துவிட்டேன்.

அந்த வேலைக்கென்றே பிறந்ததுபோல ஒரு செடி உண்டு. மத்தியதரைக் கடற்கரை நாடுகளிலே கல்லும் வெயிலுமான மலைச்சரிவுகளில் வளரும் ஏரிகா ஆர்போரியா என்னும் புதர்ச்செடி அது. மண்ணுக்குள் வேர் புறப்படும் இடத்தில் அது பருத்துக் கட்டியாகிறது. அந்தக் கட்டியையே பிரையர் என்கிறார்கள். காட்டுத்தீயும் வறட்சியும் மேலுள்ள கிளையை அழித்தாலும் அந்தக் கட்டியிலிருந்து செடி மறுபடி துளிர்க்கும். அதை வெட்டியெடுத்து, பல மணிநேரம் நீரில் கொதிக்கவைத்துச் சாறு நீக்கி, மாதக்கணக்கில் நிழலில் உலரவிட்டு, பிரான்சின் ஜூரா மலைப்பகுதியிலுள்ள சான் குளோத் என்னும் ஊரார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் சுங்கான் கடைந்து வருகிறார்கள். வாங்குகின்றவன் மினுக்கத்தைக் கண்டு மயங்கலாகாது; மரத்திலுள்ள மணற்குழிகளைப் பசையால் நிரப்பி, நிறம் பூசி, வார்னிஷ் பூசி மறைப்பது வழக்கம். கிண்ணத்தின் சுவர் தடித்திருக்க வேண்டும். புகைத்துவாரம் கிண்ணத்தின் அடியிலே நடுவாக வந்து திறக்க வேண்டும். சற்று மேலே திறந்தாலும் அடியிலுள்ள இலை எரியாமல் ஈரமாய்த் தங்கிவிடும். கடிவாயிலிருந்து ஓர் ஈர்க்கை உள்ளே செலுத்தினால் தடையில்லாமல் கிண்ணம்வரை போகவேண்டும். பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டிருக்கத் தக்கதாகக் கனம் குறைந்திருக்க வேண்டும். இந்த நான்கும் அமைந்த புதுச் சுங்கான் என் ஐயாயிரத்துக்கு வராது. முன்பு ஒருவர் புகைத்துவிட்ட பழையது வரும். "மாமா, இஞ்ச ஞாயிற்றுக்கிழமையில பழஞ்சாமான் சந்தை கூடும். அதில பாக்கட்டோ?" என்றான் மருமகன். பார் என்றேன். சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்த பின்புதான் எச்சில் என்ற நினைவு வந்தது.

பிறர் வாயில் வைத்ததை நாம் வாயில் வைப்பதா? ஆசாரமுள்ள சைவக் குடும்பத்தில் வளர்ந்தவனுக்கு இது சிறிய தடையன்று. அந்த நினைவைத் தொடர்ந்தே, நான் பல வருஷங்களாக மூடிவைத்திருந்த இன்னொரு நினைவும் எழுந்து வந்தது. 2008-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், யுத்தம் நெருங்கிவர, நாங்கள் ஸ்கந்தபுரத்தை விட்டுப் புறப்பட்டோம். 1996-இல் கிளிநொச்சியும் யாழ்ப்பாணமும் இடம்பெயர்ந்து வந்தபோது அத்தனை பேரையும் தன் மரநிழல்களில் வைத்துக் காத்த ஊர், பன்னிரண்டு வருஷத்தின் பின் தானே வெறுமையாயிற்று. கிழக்கே கிழக்கேயென்று போய், ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொன்றாக விட்டு, ஈற்றிலே செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமுக்கு 2009-இல் வந்து சேர்ந்தபோது, உடுத்த துணியையும் ஒரு தகர மூடிப் பேணியையும் தவிர என்னிடம் எஞ்சியிருந்தது தந்தையாரின் சுங்கான் ஒன்றே. அந்த முகாமின் பகுதிகளுக்கு இராமநாதன், அருணாசலம் என்று பெயரிட்டிருந்தார்கள். முருக வழிபாட்டை ஆராய்ந்து எழுதிய பொன்னம்பலம் அருணாசலத்தின் பெயரை ஒரு முட்கம்பி வேலியின் பலகையிலே படிக்க நேர்ந்த அந்த நாளை எப்படி மறப்பேன்?

ஒருநாள் பொழுதுபடும் வேளை, எங்கிருந்தோ கிடைத்த ஒரு கிள்ளுப் புகையிலையைப் போட்டு, கூடாரத்தின் வெளியே இருந்து பற்றவைத்தேன். பக்கத்துக் கூடாரத்துக் கிழவர் ஒருவர், பேர் ஊர் நான் கேட்டதில்லை, மெல்ல நகர்ந்து வந்து அருகே குந்தினார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தம்பி, ஒருக்கா இழுத்துப்போட்டுத் தாறன்" என்றார். "எச்சில், ஐயா" என்றேன் நான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையை முழங்காலின்மேல் திரும்ப வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் அவரை வேறு வலயத்துக்கு மாற்றினார்கள். பிறகு நான் அவரைக் காணவில்லை. எச்சில் என்றேனே, அந்தச் சுங்கான் என் தந்தையாரின் வாய்க்கு வருமுன் ஓர் ஆங்கிலத் துரையின் வாயிலே இருந்தது என்பதை நான் அறியாதவனா? ஆசாரம் அங்கே என் காரணமன்று. காரணத்துக்கு நான் போர்த்திய போர்வை. என்னிடம் இருந்தது ஒன்று. அந்த ஒன்றைக் கைவிட்டுக் கைமாற்ற, ஒரு கணமாயினும், எனக்கு மனம் வரவில்லை.

எச்சிலைப் பற்றிச் சமயம் என்ன சொல்கிறது என்று தேடினால், சேக்கிழார் பாடிய கண்ணப்பரின் முன்னே ஆசாரமெல்லாம் கைகட்டி நிற்கிறது. வாயிலே கடித்துப் பதம்பார்த்த இறைச்சியையும் வாயிலே கொண்டுவந்த நீரையும் காளத்தியப்பர் உவந்து ஏற்றார். அதைக் கண்டு வருந்திய சிவகோசரியாருக்குக் கனவிலே தோன்றிக் கண்ணப்பரின் அன்பின் தன்மையை விளக்கியும் சொன்னார். ஆனால் என்னை அடித்து எழுப்பியது வேறொரு கதை. புதுக்கோட்டை மாவட்டத்தில், திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குப் போகும் பாதையிலே, விராலிமலையென்று ஒரு குன்று உண்டு. அங்கே ஆறுமுகப் பெருமானுக்குச் சுருட்டு நிவேதனம் செய்யும் வழக்கம் இன்றும் இருக்கிறது. கருப்பமுத்துப் பிள்ளை என்னும் அடியவர் மலைக்குத் தரிசனத்துக்கு வருகின்றபோது, புயலும் மழையுமாய் ஆறு பெருகி வழிமறித்தது. குளிரில் நடுங்கிநின்ற அவரருகே வந்துநின்ற ஒரு மனிதருக்குத் தம்மிடமிருந்த சுருட்டிலே ஒன்றை அவர் கொடுத்தார். அம்மனிதர் அவரைக் கரைசேர்த்து மறைந்தார். கோயிலை அடைந்து பார்த்தபோது சந்நிதியிலே சுவாமியின் முன் அந்தச் சுருட்டு இருந்தது என்பது தலவரலாறு. புகையிலை இந்த நாட்டுக்கு வந்து சில நூற்றாண்டுகளே ஆயினவாதலால் புராணங்கள் எவற்றிலும் இக்கதைக்கு இடமில்லை. அதனாலேயே எனக்கு இதில் நம்பிக்கை மிகுகிறது. ஆண்டவன் அந்தந்தக் காலத்தில் மனிதன் கையில் எது இருக்கிறதோ அதைக் கேட்டுக்கொண்டு வருகிறான். ஸ்கந்தன் பேரால் விளங்கும் ஊரிலிருந்து போனவன் நான். என்னிடமும் ஒருவர் கேட்டார்.

கருப்பமுத்துப் பிள்ளையிடம் இரண்டாவது சுருட்டு இருந்தது, என்னிடம் இரண்டாவது சுங்கான் இல்லை என்று வாதாடிப் பார்த்தேன். அந்த வாதம் என் குற்றத்தைக் கழுவவில்லை. ஆனால் என் மனைவியின் கேள்விக்கு அதனுள்ளேதான் விடை கிடந்தது. முகாமிலே எல்லோரிடமும் ஒரு கோப்பை, ஒரு பாய், ஒரு துணி. எண்ணிப் பார்த்தால் பிக்குகளின் சங்கம்போலத்தான். ஆயினும் அங்கே ஒருவரும் துறவி ஆகிவிடவில்லை. பறிகொடுத்தவன் துறந்தவனாக மாட்டான். அவனுடைய கைகள் விரிந்திருப்பவையல்ல, இறுகியிருப்பவை. ஒன்று மட்டுமே உள்ளவன் அந்த ஒன்றினுள்ளே தன் உயிரையே வைத்துவிடுகிறான், நான் வைத்ததுபோல. வறுமையை ஆன்ம லாபமாகப் புகழ்ந்து பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தாமாகத் தேடிக்கொண்டவர்கள். அது தலைமேல் வந்து விழுந்தவர்களிடம் அவர்கள் கேட்டுப் பார்க்க வேண்டும்.

விநயநூலில் நான் மேலே சொன்ன சட்டத்துக்கு நேர்முன்னே இன்னொன்று இருக்கிறது. பிக்குவுக்கு மிகையாக ஒரு பாத்திரம் கிடைத்தால் அதை அவன் பத்து நாள்வரை வைத்திருக்கலாம். பத்து என்ற கணக்கு எப்படி வந்தது? ஆனந்தருக்கு ஒரு பாத்திரம் மிகையாகக் கிடைத்தது. அதைச் சாரிபுத்தருக்குக் கொடுக்க வேண்டுமென்று அவர் விரும்பினார். சாரிபுத்தரோ தூரத்திலே சாகேத நகரத்தில் இருந்தார். எப்போது வருவார் என்று பகவான் கேட்டார். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ வருவார் என்றார் ஆனந்தர். அப்படியானால் பத்து நாள் வைத்திரு என்று சட்டம் திருந்தியது. ஒரு மகாசமயத்தின் உடைமைச்சட்டம், ஒரு நண்பனுடைய பிரயாணத்தின் அளவுக்குத் தன்னை வளைத்துக்கொண்டது! முதற் பாத்திரம் ஆனந்தருடைய வயிற்றுக்கு உரியது. அதில் அறத்துக்கு இடமில்லை, அது தேவை. இரண்டாவது வந்தபோதுதான் யாருக்கு என்ற எண்ணமே அவருக்குள் எழ இடமுண்டாயிற்று. அந்தத் துரையின் மேசைமேலும் சுங்கான் ஒன்றே இருந்திருந்தால் என் தந்தையாரின் கைக்கு எது வந்திருக்கும்?

இதையெல்லாம் நான் மனைவிக்கு இவ்வளவு விரித்துச் சொல்லவில்லை. கிழவரின் கதையை மட்டும் சொன்னேன். பதினாறு வருஷத்துக்குப் பின் அன்றுதான் அவளும் அதைக் கேட்டாள்.

ஆனி மாதத்தில் மருமகன் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தான். "ஒரு கிழவியம்மா, மாமா. செத்துப்போன தன்ர மனிசன்ர சாமானெல்லாம் நிலத்தில விரிச்சு வைச்சிருந்தவ. பதினஞ்சு யூரோ சொன்னவ, நான் குறைச்சுக் கேக்கேல்லை" என்றான். கேட்காததற்காக அவனைத் தட்டிக்கொடுத்தேன். சான் குளோத் முத்திரை பாதி அழிந்திருந்தது. ஈர்க்கு தடையின்றிப் போயிற்று. கரியை மட்டமாகச் சுரண்டி, கிண்ணம் நிறைய உப்பை இட்டு, மதுசாரம் ஊற்றி ஓர் இரவு முழுதும் வைத்திருந்தேன். காலையில் உப்பு மண்ணிறமாகியிருந்தது. கழுவித் துடைத்து இரண்டு நாள் உலரவிட்ட பின்னும், கிண்ணத்தை முகர்ந்தால் நானறியாத ஏதோவொரு இலையின் வாடை, யாரோ பக்கத்து அறையில் இருப்பதுபோல, மெல்ல வந்தது. கடிவாயிலே இரண்டு பற்குறிகள், மேலொன்றும் கீழொன்றும், ஆழமாய்ப் பதிந்திருந்தன. தேய்த்து எடுத்துவிடலாம் என்றான் மருமகன். வேண்டாமென்றேன். என் பற்கள் அந்தக் குறிகளுக்குச் சற்றுத் தள்ளியே அமைகின்றன.

முதல் வெள்ளிக்கிழமை மாலை, குளத்துக்கட்டுப் பக்கமாகப் போய்விட்டுத் திரும்பிய அயல்வீட்டு அண்ணர் படலையைத் திறந்துகொண்டு வந்து விறாந்தையில் இருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர், ஐம்பது வருஷமாகச் சுருட்டுப் பிடிப்பவர்; அன்று மடியிலே சுருட்டு இல்லை. தந்தையாரின் சுங்கானை எடுத்து, இலையை நிரப்பி, அவர் கையிலே கொடுத்தேன். "இது உன்ர ஐயாவின்ரயெல்லோ? எச்சிலாப் போடுமடா" என்று தயங்கினார். "பிடியுங்கோ அண்ணை" என்றேன். பித்தளை வளையத்தை விரலால் தடவிப் பார்த்தார். தேய்ந்திருந்த அந்த இடத்தை அவருடைய பெருவிரலும் கண்டுபிடித்துக்கொண்டது. நான் மற்றதை நிரப்பினேன். உள்ளே இருந்து வந்த மனைவி எங்கள் இருவரையும் பார்த்தாள். நெருப்புப்பெட்டியை நடுவிலே வைத்துவிட்டு, தேத்தண்ணி போட உள்ளே போனாள்.